சீவலப்பேரி என்றால் 'பாண்டி' மட்டும்தானா? ஒரு பாண்டிமாதேவியைத் தேடி ஆற்றங்கரைப் பயணம்!

சீவலப்பேரி என்று சொன்னால், கேட்பவர் அடுத்துச் சொல்லும் வார்த்தை பெரும்பாலும் 'பாண்டி'யாகத்தான் இருக்கும். 1994-ல் நெப்போலியன் நடித்து வெளிவந்த 'சீவலப்பேரி பாண்டி' திரைப்படம் செய்த வேலை அது. படம் பார்க்காதவர்களுக்குக்கூட அந்தப் பெயர் தெரியும். முறுக்கு மீசையும் அரிவாளும்தான் இந்த ஊரின் அடையாளம் என்று வெளியூர்க்காரர்கள் பலர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வந்து இறங்கினால் கண்ணில் படுவது வேறு ஓர் ஊர். வயல், வாழை, பனை, கருவேலம், ஆறு. படித்துறையில் துணி துவைக்கும் பெண்கள். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று பாத்திரம் அலசும் ஒரு பாட்டி. பக்கத்திலேயே குதித்து விளையாடும் பிள்ளைகள். தாமிரபரணிக்கரையில் எந்த ஊரிலும் காணக் கிடைக்கும் காட்சிதான். ஆனால், இந்தக் கரைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலைச் சேரும் தாமிரபரணியோடு, குற்றால மலையிலிருந்து வரும் சிற்றாறு வந்து கலப்பது இங்கேதான். கயத்தாறு பக்கமிருந்து வரும் கோதண்டராம நதியும் சேர்வதால், பழைய நூல்களில் இந்த இடத்துக்கு 'முக்கூடல்' என்று பெயர்.

கரிசல் பூமியான கோவில்பட்டிக்குக் குடிநீர் போவதும் சீவலப்பேரி ஆற்றிலிருந்துதான். முப்பது, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வீட்டில் குடம் நிறைவதற்கு இந்த ஆறு ஓட வேண்டும்.

சரி, இந்த ஊருக்கும் சரித்திர நாவல்களுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு ஊரின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயருக்குள் ஒரு ராஜா

'ஸ்ரீவல்லபப் பேரேரி' என்பதுதான் மக்கள் வாயில் தேய்ந்து 'சீவலப்பேரி' ஆனது என்பார்கள். பேரேரி என்றால் பெரிய ஏரி. ஸ்ரீவல்லபன் என்பது பாண்டிய அரசர் பெயர். அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட பாண்டியர்கள் அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் ஆண்டிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர், 9-ம் நூற்றாண்டில் மதுரையிலிருந்து ஆண்ட ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன்.

ஸ்ரீமாறன் சாதாரண அரசர் அல்ல. கடல் கடந்து இலங்கை மீது படையெடுத்து வென்றவர். ஆனால், அந்த வெற்றிக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. இலங்கையின் இரண்டாம் சேனன் காலத்தில், 862-ம் ஆண்டு வாக்கில், சிங்களப் படை மதுரைக்குள் புகுந்தது. இலங்கையின் வரலாற்று நூலான சூளவம்சம் அந்தப் போரைச் சொல்கிறது. தோற்ற பாண்டியர் களத்தை விட்டு ஓடினார். ஓடிய இடத்தில் உயிரிழந்தார். கூட ஓடிய அரசியும் அப்படியே மாண்டார். அவ்வளவுதான். அந்த அரசியின் பெயரைச் சூளவம்சம் சொல்லவில்லை.

ஒரு பெண், கணவர் தோற்ற ஒரே காரணத்துக்காக ஓடிச் செத்தார். வரலாறு அவரை ஒரு வரியில் கடந்துவிட்டது.

இரண்டு தலைமுறை கழித்து, அதே குடும்பத்தில், அதே நெருக்கடி மறுபடியும் வந்தது. இந்த முறை ஒரு பெண் பிழைத்தார். அவர் பெயர் நமக்குத் தெரியும். வானவன் மாதேவி.

மகுடத்துக்கு நூறு வருடக் கதை... தாய்க்கு ஒரு வரி!

'வானவன்' என்பது சேரரைக் குறிக்கும் பெயர். வானவன் மாதேவி சேர நாட்டு இளவரசி. ஸ்ரீமாறனின் மகன்களில் ஒருவரான பராந்தக வீரநாராயண பாண்டியரை மணந்தவர். இவர்களின் மகன் இரண்டாம் ராஜசிம்ம பாண்டியர். இந்த வம்ச விவரத்தை நமக்குத் தருவது, தேனி மாவட்டம் சின்னமனூரில் கிடைத்த பெரிய செப்பேடு.

ராஜசிம்மரின் காலம் பாண்டிய நாட்டுக்குக் கெட்ட காலம். 907-ல் சோழ அரியணை ஏறிய முதலாம் பராந்தகர் தெற்கே பாய்ந்தார். 'மதுரை கொண்ட' என்ற பட்டத்தையும் சூட்டிக்கொண்டார். ராஜசிம்மர் இலங்கையிடம் உதவி கேட்டார். ஸ்ரீமாறன் காலத்துப் பகையை மறந்து இலங்கைப் படையும் வந்தது. வெள்ளூர் என்ற இடத்தில் பெரும் போர். பாண்டியர் தோற்றார். உதவிக்கு வந்த இலங்கைத் தளபதியைக் கொள்ளைநோய் கொண்டுபோனது.

அதன் பிறகு ராஜசிம்மர் செய்த காரியம்தான் தென்னிந்திய வரலாற்றில் நூறு ஆண்டுகளுக்குப் பேசப்பட்டது. பரம்பரை மணிமுடியையும் அரச சின்னங்களையும் எடுத்துக்கொண்டு இலங்கைக்குப் போனார். அங்கும் நிலைமை சரியில்லை. முடியை இலங்கை அரசரிடம் ஒப்படைத்துவிட்டு, தன் தாய்வீடான சேர நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

இந்த மணிமுடியின் பயணத்தை வரலாற்றில் படிப்படியாகப் பின்தொடர முடியும். பராந்தகர் முதுமையில் அதைக் கேட்டு ஆள் அனுப்பினார். இலங்கையின் உதயன் தர மறுத்தார். சோழப் படை போனது. உதயன் முடியோடு தெற்கே ரோகண நாட்டுக்கு ஓடிவிட்டார். கடைசியில், 11-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் ராஜேந்திர சோழர்தான் அதைக் கைப்பற்றினார். தன் மெய்க்கீர்த்தியில் அதைப் பெருமையாகப் பொறித்தும் வைத்தார்.

அதாவது, தங்கத்தால் செய்த ஒரு பொருள் எந்த அரசரிடம் இருந்தது, யார் கேட்டார், யார் மறுத்தார், யார் மீட்டார் என்று ஒரு நூற்றாண்டுக்குக் கணக்கு இருக்கிறது. அந்த முடியைச் சூடியவரைப் பெற்ற தாய்க்கு, செப்பேட்டில் ஒரு பெயர் மட்டும் இருக்கிறது. மகன் கப்பலேறிய அன்று அவர் எங்கே இருந்தார்? சோழப் படை வரும் செய்தி கேட்டு என்ன செய்தார்? யாரை நம்பினார்? செப்பேடு பேசவில்லை.

அந்த இடத்தில்தான் ஒரு நாவலாசிரியர் பேனாவை எடுத்தார்.

நா.பா. கண்ட அரசி

நா.பார்த்தசாரதியைக் 'குறிஞ்சி மலர்' வழியாகத்தான் நிறைய வாசகர்களுக்குத் தெரியும். 'சமுதாய வீதி' நாவலுக்காக 1971-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றவர், 'தீபம்' இதழை நடத்தியவர். அவர் எழுதிய சரித்திர நாவல்களில் ஒன்று 'பாண்டிமாதேவி'. அதன் நாயகி, வானவன் மாதேவி.

சரித்திர நாவல் என்றால் நாயகி இளவயதுப் பெண்ணாக இருக்க வேண்டும், நாயகன் குதிரையில் வர வேண்டும் என்பது எழுதப்படாத விதி. நா.பா. அந்த விதியை நாவலின் தலைப்பிலேயே மீறினார். இவர் நாவலின் பாண்டிமாதேவி கணவரை இழந்தவள். மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியாதவள். வடக்கே பகைவர்கள் கூட்டுச் சேர்கிறார்கள். நாடு தென்கோடியில், குமரிமுனையை ஒட்டிய நாஞ்சில் பகுதியாகச் சுருங்கிவிட்டது. ஆட்சிப் பொறுப்பு மகாமண்டலேசுவரர் என்ற அறிவாளியின் கையில் இருக்கிறது. அரசிக்குக் கையில் வாள் இல்லை. இருப்பது காத்திருப்பும் கவலையும், அதை வெளியே காட்டிக்கொள்ள முடியாத நிலையும்தான்.

அவளைச் சுற்றி இன்னும் மூன்று பெண்களை நா.பா. நிறுத்துகிறார். தளபதியின் தங்கை பகவதி, ஆண்வேடம் பூண்டு கடல் கடக்கிறாள். மகாமண்டலேசுவரரின் மகள் குழல்வாய்மொழி, தந்தையின் அரசியலுக்கும் தன் மனதுக்கும் நடுவே தவிக்கிறாள். செம்பவழத்தீவின் மதிவதனி, யார் என்று தெரியாமலே இளவரசன் மீது அன்பு வைக்கிறாள். நால்வருமே, வேறு யாரோ தொடங்கிவைத்த போருக்கு நடுவில் எப்படி வாழ்வது என்ற ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு பதில் தேடுபவர்கள்.

இதில் பகவதி, குழல்வாய்மொழி, மதிவதனி ஆகியோரை வரலாற்றில் தேடக் கூடாது. அவர்கள் எழுத்தாளரின் கற்பனை. வானவன் மாதேவியும் ராஜசிம்மரும் போரும் இலங்கைப் பயணமும் சேர நாட்டு அடைக்கலமும்தான் சரித்திரம். கதையின் பெரும்பகுதி குமரி, நாஞ்சில் நாட்டுப் பக்கம் நடப்பதால் சீவலப்பேரி அதில் வருமா என்று தேட வேண்டியதில்லை. ஆனால், மதுரை பறிபோன பாண்டியர்களுக்குப் பின்வாங்க இருந்த நிலம் இந்தத் தென்பாண்டி நாடுதான். மாமனார் ஸ்ரீவல்லபனின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஊரின் கரையில் உட்கார்ந்து அந்த மருமகளின் கதையைப் படிப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

சிவகாமி, நந்தினி... அப்புறம் 'வேளம்'

தமிழில் இப்படிப் போருக்கு நடுவே சிக்கிய பெண்களை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தவர் கல்கி. 'சிவகாமியின் சபதம்' நாவலில் நாட்டியப் பெண் சிவகாமி, சாளுக்கியரால் வாதாபிக்குச் சிறையாகக் கொண்டுபோகப்படுகிறாள். தன்னுடன் பிடிபட்டவர்களை அடியிலிருந்து காப்பாற்ற, பகைவர் நகரின் வீதியில் ஆட வேண்டிய நிலை அவளுக்கு. 1950-ல் தொடராகத் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' நாவலின் நந்தினி, வீரபாண்டியரின் தலை கொய்யப்பட்டதற்காகப் பழிவாங்கத் துடிப்பவள். சிவகாமி சகிக்கிறாள். நந்தினி எரிகிறாள். இருவரும் கற்பனைப் பாத்திரங்கள். ஆனால், அவர்கள் மாட்டிக்கொண்ட நிலைமை கற்பனை அல்ல.

சோழர் கல்வெட்டுகளில் 'வேளம்' என்றொரு சொல் வரும். அரண்மனைப் பணிப்பெண்கள் வாழ்ந்த குடியிருப்பு அது. போரில் சிறைப்பிடித்த பெண்களும் அங்கே சேர்க்கப்பட்டார்கள். 12-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டின் மீது படையெடுத்த மூன்றாம் குலோத்துங்கரின் மெய்க்கீர்த்தி, தோற்ற பாண்டியரின் தேவியை வேளத்தில் சேர்த்ததை ஒரு சாதனையாகவே சொல்கிறது. வரலாற்றாய்வாளர் தாவுத் அலி, சோழர் அரண்மனைப் பெண்களைப் பற்றிய தன் ஆய்வில் இந்த வேளங்களை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நேற்று வரை அரசி, இன்று வென்றவர் வீட்டில் வேலைக்காரி. ராஜா ஓடினார் என்று ஒரு வரியில் படித்துக் கடந்துபோகும்போது, அந்த வரிக்குப் பின்னால் அரண்மனையில் இருந்த பெண்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இந்த ஒரு சொல்லே சாட்சி.

அதற்காக, அந்தக் காலத்துப் பெண்கள் எல்லோரும் கண்ணீரும் கம்பலையுமாகவே இருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அதே கல்வெட்டுகளில் கோயிலுக்கு விளக்கு வைத்த பெண்களின் பெயர்களும் வருகின்றன. ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் என்பது பல கல்வெட்டுகளில் காணும் கணக்கு. அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகவும் சாகாது, மூப்பும் அடையாது. செத்தால் வேறு ஆடு விட்டுக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும் என்பது அதன் பொருள். சொத்து வைத்திருந்த பெண்கள், அதைத் தங்கள் பெயரிலேயே கொடுத்த பெண்கள், கல்லில் பெயர் வெட்டச் சொன்ன பெண்கள் அன்றும் இருந்தார்கள்.

அதே வருடங்களில் இங்கிலாந்தில்...

உலகத்தின் மறுகோடியிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருந்தது. பராந்தகர் பாண்டிய நாட்டைக் குடைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், இங்கிலாந்தின் மெர்சியா நாட்டில் எதெல்ஃப்லெட் என்ற பெண் ஆண்டுகொண்டிருந்தார். 911-ல் கணவர் இறந்த பிறகு, வைக்கிங்குகள் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த நாட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஊர் ஊராகக் கோட்டை கட்டினார். 917-ல் டார்பி நகரைப் பிடித்தார். 918-ல் இறந்தார். அடுத்து வந்த மகள் எல்ஃப்வின்னிடமிருந்து சில மாதங்களிலேயே ஆட்சியைப் பறித்து, அவரை வெசெக்ஸ் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு மகள் என்ன ஆனார் என்று அந்த நாட்டு வரலாற்றுக் குறிப்புகள் பேசுவதில்லை.

இன்னொரு பொருத்தமும் உண்டு. 7-ம் நூற்றாண்டில் நெல்வேலிப் போரில் வென்ற பாண்டியர் நின்றசீர் நெடுமாறன். அவர் மனைவி, சோழர் குடியிலிருந்து வந்த மங்கையர்க்கரசியார். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' நாவலிலும் இவர் வருகிறார். அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்தவர் ஹில்டா. போர்களுக்கும் மதமாற்றங்களுக்கும் நடுவே வளர்ந்து, மடத்தின் தலைவியாகி, அரசர்களுக்கே ஆலோசனை சொன்னவர். 680-ல் மறைந்தார். அவரைப் பற்றி எழுதிய துறவி பீட், அவருடைய 66 வருட வாழ்க்கையில் முதல் 33 வருடங்களைப் பற்றி மிகக் கொஞ்சமே சொல்கிறார். அந்த இடைவெளியைத்தான் நிக்கோலா கிரிஃபித் என்ற எழுத்தாளர் 2013-ல் 'ஹில்ட்' என்ற நாவலாக்கினார். கொலையும் சூழ்ச்சியும் நிறைந்த அரசவையில் ஒரு சிறுமி எப்படித் தாக்குப்பிடித்திருப்பாள் என்பதுதான் கதை.

நா.பா.வும் கிரிஃபித்தும் செய்த வேலை ஒன்றுதான். ஆவணம் நின்ற இடத்திலிருந்து நடக்கத் தொடங்கியது. தமிழில் அந்த வேலை அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்துவிட்டது என்பதை நாம்தான் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

முக்கூடலின் இரண்டு பெண்கள்

அரசிகள் போதும். கரையில் துணி துவைக்கும் பெண்களின் முன்னோர்களைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா? எழுதியிருக்கிறார்கள், அதுவும் இதே ஊரை வைத்து!

'முக்கூடற்பள்ளு' என்ற சிற்றிலக்கியத்தைப் பள்ளிப் பாடத்தில் பலரும் படித்திருப்பார்கள். எழுதியவர் பெயர் தெரியாத, 17-ம் நூற்றாண்டு நூல் என்று சொல்லப்படும் அதன் களம் இந்த மூன்று ஆறு கூடும் இடம்தான். முக்கூடல் என்ற பெயரில் இன்று நெல்லை மாவட்டத்தின் மேற்கே வேறு ஓர் ஊர் இருப்பதால் பலருக்குக் குழப்பம் வரும். பள்ளு பாடும் முக்கூடல், இந்தச் சீவலப்பேரிப் பக்கம். அதில் போற்றப்படும் அழகர் பெருமாளின் கோயில் இங்கேதான் இருக்கிறது.

கதையில் ஓர் உழவருக்கு இரண்டு மனைவிகள். மூத்தவள் முக்கூடல்காரி. இளையவள், ஆற்றின் போக்கில் கீழே இருக்கும் மருதூர்க்காரி. கணவன் இளையவள் வீட்டிலேயே கிடக்கிறான், பண்ணை வேலையைக் கவனிப்பதில்லை. மூத்தவள் பண்ணைக்காரனிடம் போய் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் அவனைப் பிடித்துத் தொழுவில் மாட்டுகிறான். அதைப் பார்த்துப் பொறுக்காமல், முறையிட்ட மூத்தவளே போய் மன்றாடி விடுவிக்கிறாள். பிறகு விதைப்பு, நடவு, அறுவடை. இரண்டு பெண்களும் ஒருவர் கும்பிடும் சாமியை மற்றவர் ஏசுகிற அளவுக்குச் சண்டை போட்டு, கடைசியில் சமாதானமாகிறார்கள்.

படிக்கச் சிரிப்பாக இருக்கும். உள்ளே இருப்பது சிரிப்பு மட்டும் அல்ல. சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாத பெண்கள், அடுத்த வேளைச் சோற்றுக்குப் பண்ணைக்காரனையும் மழையையும் ஓர் ஒழுங்கற்ற கணவனையும் நம்பிக் காலம் தள்ளிய கதை அது. கணவனைத் தண்டிக்கவும் வேண்டும், அவன் இல்லாமல் நடவு நடக்காது என்றும் தெரியும். மூத்தவள் எடுக்கும் முடிவுகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். நெல் வகை, மாட்டு வகை, மீன் வகை என்று பள்ளு அடுக்கிக்கொண்டே போகும் பட்டியல்களும் அந்தப் பெண்களின் உலகம்தான்.

துர்க்கையும் இசக்கியும்

சீவலப்பேரிக்கு வரும் பக்தர்களில் நிறைய பேர் தேடி வருவது துர்க்கை அம்மன் கோயிலை. இங்கே இருப்பவள் சங்கு, சக்கரம் ஏந்திய விஷ்ணு துர்க்கை. பக்கத்தில் அழகர் கோயில் இருப்பதால் இருவரையும் அண்ணன், தங்கையாகவே கும்பிடுகிறார்கள். ஊரின் சுடலைமாடசாமி கோயிலுக்கும் தென்மாவட்டம் முழுக்கப் பெயர் உண்டு. கொடை நாளில் தென்மாவட்டக் கோயில்களில் வில்லுப்பாட்டு முழங்கும்.

வில்லுப்பாட்டையும் நாட்டுப்புறத்தின் சரித்திர நாவல் என்று சொல்லலாம். நெல்லை, குமரிப் பக்கம் வில்லில் பாடப்படும் பெண்களின் கதைகளைக் கேட்டிருக்கிறீர்களா? இசக்கியம்மன் கதை அதில் முக்கியமானது. கொலை செய்யப்பட்டு, மறுபிறவி எடுத்து, பழி தீர்த்து, தெய்வமாகிறாள் இசக்கி. கையில் குழந்தையோடு ஊர் எல்லையில் நிற்கிறாள். அநியாயமாகச் செத்த பெண்ணுக்கு ஊர் பயப்படும், கோயில் கட்டும், பொங்கல் வைக்கும், கதையை விடிய விடியப் பாடும்.

ஓடிப்போன ராஜாவுக்குக் கல்வெட்டு இருக்கிறது. செத்துப்போன பெண்ணுக்குக் கோயில் இருக்கிறது. சாகாமல், ஓடாமல், பிழைத்துக் கிடந்து பிள்ளைகளை வளர்த்த பெண்ணுக்கு இரண்டுமே கிடைக்கவில்லை. அவளுக்குக் கிடைத்தது கதை மட்டும்தான். 'பாண்டிமாதேவி'யும் 'முக்கூடற்பள்ளு'வும் காலத்தாலும் நடையாலும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும், இரண்டும் இந்தப் பிழைத்த பெண்களின் பக்கம் நிற்கின்றன.

அதனால்தான் சரித்திர நாவலைப் 'பொழுதுபோக்கு' என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. வீட்டில் பிள்ளைகளுக்குப் பாண்டியர் வரலாற்றைச் சொல்லும்போது, யார் யாரை எந்த ஆண்டு வென்றார் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். 'அப்போ அவங்க அம்மா என்ன ஆனாங்க?' என்று ஒரு பிள்ளை கேட்டால், பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. நாவலில் ஒரு பதில் இருக்கிறது. எது ஆவணம், எது கற்பனை என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்துவிட்டால், அந்தப் பதில் பிள்ளையை மேலும் தேட வைக்கும்.

பக்கத்திலேயே பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள்

சீவலப்பேரி வரை வந்தவர்கள் கிருஷ்ணாபுரத்தை விட்டுவிடக் கூடாது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் இருக்கும் வேங்கடாசலபதி கோயில், நாயக்கர் காலச் சிற்பங்களுக்குப் பேர்போனது. அங்கே ஒரு தூணில், குறவன் ஒருவன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். குதிரை வீரர்கள் துரத்துகிறார்கள். இன்னொரு தூணில், குறத்தி இளவரசனைத் தோளில் சுமந்திருக்கிறாள். வழிகாட்டிகள் வேல் பாய்ந்த காயத்தையும் விலா எலும்பையும் காட்டி வியக்க வைப்பார்கள். ஒரு நிமிடம் இளவரசியின் முகத்தையும் பாருங்கள். அவள் போக விரும்பித்தான் போகிறாளா, இல்லையா? ஆளுக்கொரு கதை சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது.

இரண்டாவது இடம் திருநெல்வேலிக்கு மேற்கே, இதே தாமிரபரணிக் கரையில் இருக்கும் சேரன்மகாதேவி. பெயரே ஒரு சேர குல அரசியை நினைவூட்டும். பழைய கோயில்களும் கல்வெட்டுகளும் உள்ள ஊர். சேரநாட்டு மலைகளும் பாண்டிய நாட்டு வயல்களும் எவ்வளவு பக்கம் என்பது, அங்கே ஆற்றில் நின்று மேற்கே பார்த்தால் புரியும். தோற்றுப்போன ராஜசிம்மர் கடைசியில் ஏன் தாய்வீட்டுத் திசையை நோக்கிப் போனார் என்பதும் அப்போது விளங்கும். அரச குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததை ராஜதந்திரம் என்று வரலாறு சொல்கிறது. நாடு, படை, முடி எல்லாம் போன பிறகு ஒரு பாண்டியருக்கு மிஞ்சியது, அந்தப் பெண் கொண்டுவந்த உறவு ஒன்றுதான்.

மாலையில் சீவலப்பேரிக்கரையில் வெயில் தாழ்ந்ததும், துவைத்த துணிகளை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வீடு திரும்புகிறார்கள். இடுப்பில் குழந்தை, கையில் வாளி. 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த பெருவெள்ளத்தை இந்தக் கரையோர ஊர்கள் எல்லாம் பார்த்தன. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுச் சேற்றை வாரிக் கொட்டி, பாயை வெயிலில் உலர்த்தி, உலை வைத்தவர்கள் யார் என்று கேட்டால், பதில் சொல்ல எந்தச் செப்பேடும் தேவையில்லை.

எப்படிப் போகலாம்?

திருநெல்வேலி ஜங்ஷன் வரை ரயில். அங்கிருந்தும் பாளையங்கோட்டையிலிருந்தும் சீவலப்பேரிக்கு பஸ்கள் உண்டு. துர்க்கை கோயிலுக்குச் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் போனால் கூட்டத்துக்குத் தயாராக இருங்கள். நிதானமாக ஆற்றைப் பார்க்க நினைப்பவர்களுக்கு மற்ற நாட்கள் வசதி.

ஆற்றில் இறங்குபவர்கள் உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையிலேயே இறங்குங்கள். ஆறுகள் கூடும் இடத்தில் சுழலும் பள்ளமும் இருக்கும். பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம். மழைக்காலத்தில் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சோப்பு உறை, ஷாம்பு பாக்கெட், பழைய துணி எதையும் ஆற்றில் விடாதீர்கள். கோவில்பட்டியில் யாரோ ஒரு வீட்டுக் குடத்துக்குப் போகிற தண்ணீர் அது.

பையில் இடம் இருந்தால் 'பாண்டிமாதேவி'யையும் எடுத்து வையுங்கள். கரையில் உட்கார்ந்து நாலு பக்கம் படித்துப் பாருங்கள்.